மயில்கழுத்து மை

மூடியை அந்தத் தட்டில் வைச்சிட்டு உட்காருங்க சார். ஸ்டூல் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்குங்க, ஆடாது. பேனாவை இப்படிக் குடுங்க.

ம். எழுதிக்கிட்டே இருக்கும்போது நின்னுடுது. உதறினா ரெண்டு வரி வரும், மறுபடி நின்னுடும். அதானே? சொல்லவே வேணாம் சார், உங்க சட்டைக் கையில் இருக்கிற புள்ளியே சொல்லுது. இனிமே உதறாதீங்க. உதறினா உங்க சட்டையும் போகும், பக்கத்தில் இருக்கிறவன் சட்டையும் போகும், பேனா மட்டும் அப்படியே இருக்கும். நிப்பில் தப்பில்லை. நிப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கு பாருங்க, நாக்குன்னு சொல்லுவோம். அதில் மயிரிழை மாதிரி ஒரு வாய்க்கால் ஓடும். மை அது வழியாத்தான் இறங்கணும். பழைய மை காய்ஞ்சு அதை அடைச்சிருக்கு. வெந்நீரில் ஊறட்டும். அரைமணி நேரம் ஆகும்.

வேட்டியைப் பார்க்கிறீங்க. பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு ஒருத்தன் மை நோண்டுறானேன்னு தோணுது. ஒண்ணுமில்லை, இன்னைக்கு ஒரு கல்யாணம். என் தம்பி மகள் கல்யாணம். ஒன்பதரை பத்தரை முகூர்த்தம். தில்லைநகரில் மண்டபம், இங்கே மலைக்கோட்டையிலேர்ந்து ஆட்டோ பிடிச்சா கால்மணி நேரம். இப்ப மணி ஒன்பது அம்பது. நான் போகலை. என் வீட்டுக்காரி போயிருக்காள். காலையில் எனக்கும் சேர்த்து வேட்டியை எடுத்து வைச்சாள், கட்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டு நேரா வந்து கடையைத் திறந்துட்டேன்.

ஏன் போகலைன்னு நீங்க கேட்கலை. கேட்காட்டியும் சொல்றேன். நீங்க வெளியூர், யார் பக்கமும் கிடையாது. கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

இது எங்க அப்பா வைச்ச கடை. நாங்க ரெண்டு பேர். நான் மூத்தவன், தருமலிங்கம். எனக்கு அஞ்சு வயசு இளையவன் குணசீலன். அவன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அப்பா படுத்த படுக்கையா ஆனதும் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். கடைச் சாவியை என் கையில் குடுத்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து அவன் கையில் குடுத்தார். எபோனைட் பேனா சார், கருங்காலிக்கட்டை மாதிரி கறுப்பு, பதினாலு காரட் தங்க நிப்பு. இந்தக் கடைக்கு வந்ததிலேயே நல்ல நிப்பு அதுதான். அந்த நிப்பை வளைவு எடுத்துச் சரி பண்ணினது யாருன்னு நினைக்கிறீங்க? நான். பதினேழு வயசில்.

குடுத்துட்டு அப்பா சொன்னார், "தருமா, பேனாவைப் பத்தி உனக்கு எல்லாம் தெரியும். எழுத அவனுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஒண்ணும் நினைக்கலை. எனக்குக் கையெழுத்து வராது, உண்மைதான். கோழி கிளறின மாதிரி இருக்கும். செருப்புத் தைக்கிறவன் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கணும்னு சட்டமா? நான் நினைக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னைக்கு உங்ககிட்டதான் இதைச் சொல்றேன்.

தம்பி எழுத்து நல்ல எழுத்துதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் குடுத்தாலும் பிள்ளைங்க பேரை அவன்தான் எழுதுவான். மையும் கடை மை கிடையாது. நீலத்தையும் பச்சையையும் அவனே கலப்பான், காப்பி டிகாஷன் ரெண்டு சொட்டு விடுவான். பைத்தியக்காரன். மயில்கழுத்து மாதிரி ஒரு நிறம் வரும். நேரா பார்த்தா நீலம், சாய்ச்சுப் பார்த்தா பச்சை. என்ன கணக்கில் கலக்குறேன்னு யாருக்கும் சொன்னதில்லை. பெத்த மகள் கேட்டப்பகூட, "நாக்குல வைச்சுப் பார்த்துக் கலப்பேன்டி"ன்னு சொல்லிச் சிரிப்பானாம்.

எங்க குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தா, முதல் பத்திரிகை குலசாமிக்கு. முசிறிக்கு அந்தாண்டை செல்லாண்டியம்மன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே அம்மன் பேரைக் கையால் எழுதி, கொண்டுபோய்க் காலடியில் வைக்கணும். அந்தப் பேரை எழுதுறது குடும்பத்தில் மூத்த ஆம்பளை. அப்பாவுக்குப் பிறகு அது யாரு? நான்தானே? ஆனா என் ரெண்டு பசங்க கல்யாணத்துக்கும் தம்பிதான் எழுதினான். என் வீட்டுக்காரியே சொன்னாள், "கொழுந்தனாரே எழுதட்டுங்க. அம்மன் அதைப் படிக்க வேணாமா?" கூடத்தில் இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே தம்பி பேனாவைத் துடைச்சு அவன் கையில் குடுத்தேன்.

கொஞ்சம் இருங்க, தண்ணி ஆறிடுச்சு. மாத்தி ஊத்துறேன். பாருங்க, கருநீலமா புகை மாதிரி இறங்குது. நல்லது. வரட்டும்.

ஒண்ணரை வருஷம் முன்னே தம்பி போயிட்டான். பள்ளிக்கூடத்தில் பேர் எழுதிக்கிட்டு இருந்தவன், பேனாவை மூடிப் பையில் சொருகினானாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சவன் எழுந்திரிக்கலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவன் சம்சாரத்துகிட்ட பேனாவைக் கேட்டேன். பூங்கோதைன்னு பேரு. "அது அவரு கை மாமா. கையைக் கேக்குறீங்களே"ன்னாள். சரி, புருஷன் போன துக்கம், ஏதோ பேசுறாள்னு விட்டுட்டேன்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், அவளும் மகளும் கடைக்கு வந்தாங்க. மகள் பேரு இளவேனி. நீங்க உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில்தான் பூங்கோதை உட்கார்ந்தாள். பொண்ணு நின்னுக்கிட்டே இருந்தது. மஞ்சள் துணியில் சுத்தி அந்தப் பேனா. கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சாகி வந்துடுச்சு. நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. தம்பி இல்லை. பேனாவை எடுத்துக்கிட்டு என்னைத் தேடி வந்திருக்காங்க. மூத்தவன் நான். எழுதக் கூப்பிட வந்திருக்காங்கன்னு நினைச்சேன். உள்ளே போய்க் கையைக்கூடக் கழுவிக்கிட்டு வந்தேன்.

பொண்ணு சொன்னது, "பெரியப்பா, இதுல அப்பா கடைசியா ஊத்தின மை இருக்கு. அடியில சுண்டிப்போய்க் கொஞ்சம் கிடக்கு. எழுத வர மாட்டேங்குது. அம்மனுக்கு மொதப் பத்திரிகையை இந்த மையிலதான் எழுதணும்."

"எழுதிட்டாப் போச்சு. எப்ப எழுதணும்?"

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறோம். நான் எழுதுறேன் பெரியப்பா. எனக்கு அப்பா எழுத்து கொஞ்சம் வரும்."

பூங்கோதை குறுக்கே வந்தாள். "உங்க பேருதான் மாமா பத்திரிகையில மொதல்ல போட்டிருக்கு. பெரிய எழுத்துல." எனக்கு மிட்டாய் குடுக்கிறாளாம்.

"மூத்தவன் நான் உயிரோட இருக்கேன்"னு சொன்னேன்.

"இருக்கீங்க பெரியப்பா, நீங்கதான் தாரை வாக்கப் போறீங்க. எழுத்து மட்டும் அப்பாவோடது இருக்கட்டும். அவரும் வந்த மாதிரி இருக்கும்." சொல்லிட்டு மெதுவா இன்னொண்ணும் சொன்னது. "கழுவிடாதீங்க பெரியப்பா. ஒரே ஒரு சொட்டுத் தண்ணி விட்டா இளகிடும்னு அப்பா சொல்லுவாரு. ஒரு சொட்டு மட்டும்."

என்கிட்ட, சார். என் கடையில் நின்னுக்கிட்டு எனக்குப் பாடம். இந்தக் கடைக்கு எந்தப் பேனா வந்தாலும் முதல் வேலை கழுவுறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரி. கழுவாம எந்தப் பேனாவும் இந்த மேஜையை விட்டு இறங்கினது கிடையாது. நான் தலையை ஆட்டினேன். சரின்னு ஆட்டினேன்னு அவங்க எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்றது?

அவங்க போனதும் பேனாவைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மை, பாகு மாதிரி. நிப்போட முனை ஒரு பக்கமா தேய்ஞ்சிருந்தது. அவன் பேனாவை இடப்பக்கம் சாய்ச்சுப் பிடிப்பான், அவன் கைக்குத் தக்கபடி அது சாய்வா தேய்ஞ்சுபோச்சு. முனை பிளந்து நிக்கிற ரெண்டு காலும் ஒண்ணு மேலே ஒண்ணு கீழே. அவனைத் தவிர வேற யார் பிடிச்சாலும் தாளைக் கிழிக்கும். நிப்புன்னா அப்படி இருக்கக் கூடாது சார். நிப்பு பொதுவா இருக்கணும்.

ஃபில்லரால் ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன். ஒரே சொட்டு. ஒரு நிமிஷம் கவுத்துப் பிடிச்சேன். இளகிடுச்சு.

இளகாதுன்னு நான் எப்பவும் சொல்லலையே. காய்ஞ்ச மை தண்ணி பட்டா இளகும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடுதான்னு சோதிச்சுப் பார்க்கணுமே, ஒரு தாள் எடுத்தேன். கை தன்னால எழுதினது 'ஸ்ரீ செல்லாண்டியம்மன் துணை'. பேனா அவன் பேனா. நிப்பு அவன் நிப்பு. மை அவன் மை, அதே மயில்கழுத்து, சாய்ச்சுப் பார்த்தா பச்சை அடிக்குது. எழுத்து மட்டும் கோழி கிளறினது. தாளை இப்படித் திருப்பிப் பார்த்தேன், அப்படித் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு வரி எழுதிப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

அப்புறம் கழுவினேன்.

தொழில் சார். முதல் தண்ணி மயில்கழுத்தா வந்தது. ரெண்டாவது தண்ணி பாசிக்குளம் மாதிரி. மூணாவது தண்ணி வெள்ளரிக்காய்த் தோல் நிறம். நாலாவது தண்ணி தண்ணியாவே வந்தது. நாக்கைக் கழற்றி, நிப்புப் பிளவுக்குள்ளே பித்தளைத் தகடு விட்டு இழுத்து, முனையை உப்புத்தாளில் தேய்ச்சு, அந்தச் சாய்வை எடுத்தேன். ரெண்டு காலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு நாள் வேலை. என் பசங்க பேனாவுக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. முதல் தண்ணியை மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊத்தி வைச்சேன். ஏன் வைச்சேன்னு தெரியலை. கொட்ட மறந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வந்தாங்க. பொண்ணு தலைக்குக் குளிச்சு, ஈரத் தலையோடு, கையில் மஞ்சள் தடவின பத்திரிகை. கோயிலுக்குப் போக வாசலில் வண்டி நிக்குது. பேனாவை வாங்கித் திறந்து வெளிச்சத்தில் பார்த்தது. பளபளன்னு இருந்தது சார் உள்ளே. குழந்தை வாய் மாதிரி இருந்தது.

"மை எங்க பெரியப்பா?"

"அது வரலைம்மா. பாறையா இறுகிப்போச்சு. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட ஓடலை. வேற வழியில்லாம கழுவினேன். உங்கப்பன் ஒரு நாளாவது பேனாவைக் கழுவியிருந்தாத்தானே?"

வேலையில் அப்படி ஆயிரம் சொல்லுவோம் சார். வாடிக்கைக்காரங்களுக்கு எல்லாம் விளக்கிக்கிட்டு இருக்க முடியாது. பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்துட்டாள். பொண்ணு மேஜையைப் பார்த்துக்கிட்டே நின்னது. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே அந்தத் தாள் இருந்தது. நான்தான் சொருகி வைச்சிருந்தேன். குனிஞ்சு படிச்சது.

"ஓடியிருக்கு"ன்னது.

"எது?"

"அப்பா மை. அம்மன் பேரை ரெண்டு தடவை எழுதுற அளவுக்கு ஓடியிருக்கு."

கோபமா சொல்லலை. பேப்பர் படிக்கிற மாதிரி சொன்னது. பூங்கோதை எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடி மேலேயே கையை வைச்சாள். "அந்தத் தாளையாவது குடுங்க மாமா. அதையே ஒட்டிக்கிறோம். அவரு மை இல்லையா"ன்னாள். நான் குடுத்திருப்பேன். சத்தியமா குடுத்திருப்பேன் சார், கண்ணாடியைத் தூக்கக் கையை வைச்சுட்டேன்.

அந்தப் பொண்ணு சொன்னது, "வேணாம்மா. அதுல அப்பா இல்லை. அது பெரியப்பா எழுத்து."

நீங்களே சொல்லுங்க சார். மை அவன் மைதானே? பேனா அவன் பேனாதானே? அதில் அவன் எப்படி இல்லாம போவான்?

அப்பதான் அதுக்கு டம்ளர் கண்ணில் பட்டது. ஜன்னல் ஓரம் வெயிலில் இருந்தது, மயில்கழுத்து நல்லாத் தெரிஞ்சது. "அந்தத் தண்ணியைக் குடுங்க பெரியப்பா. சித்திரை வெயில்தான். மொட்டை மாடியில வைச்சா சுண்டிடும். நாளைக்குக்கூடக் கோயிலுக்குப் போய்க்குறோம்." ரெண்டு கையையும் நீட்டிச்சு. பிரசாதம் வாங்குற மாதிரி.

நான் டம்ளரை எடுத்தேன். வாசலுக்குப் போனேன். பொண்ணு பின்னாலேயே வந்தது, கையில் குடுக்கப் போறேன்னு நினைச்சிருக்கும். சாக்கடையில் ஊத்தினேன்.

அழுக்குத் தண்ணி சார் அது. நாக்குக் கழுவின தண்ணி. சுபகாரியத்துக்கு யாராவது கழுவின தண்ணியில் எழுதுவாங்களா? பெரியவன் இருந்து நாலு நல்லது கெட்டது சொல்லலைன்னா அப்புறம் பெரியவன் எதுக்கு? நீலப்பச்சையா ஒரு கோடு ஓடினது. பக்கத்து டீக்கடைக்காரன் பாத்திரம் கழுவின தண்ணி வந்து அதைத் தள்ளிக்கிட்டுப் போனது. அந்தப் பொண்ணு மூலை வரைக்கும் அது போறதைப் பார்த்துக்கிட்டு நின்னது. அழலை. அழுதிருந்தா நானே ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லியிருப்பேன்.

"இப்ப இந்தப் பேனாவில யார் வேணா எழுதலாம். முன்ன மாதிரி கிழிக்காது. பத்திரிகையை இப்படிக் குடு, நானே அம்மன் பேரை எழுதித் தர்றேன். நல்ல கறுப்பு மை இருக்கு"ன்னேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்க, அவ்வளவு பேச்சுக்கு அப்புறமும்.

பூங்கோதை மகள் தோளைத் தொட்டாள். "வாடி"ன்னாள். பேனாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மனுக்கு எப்படி எழுதினாங்க தெரியுமா? மஞ்சளைக் குழைச்சு விரலால். என் வீட்டுக்காரி சொன்னாள். பேனாக்கடைக் குடும்பத்துப் பொண்ணு, விரலால் எழுதியிருக்கு.

அப்புறம் பாருங்க. என் வீட்டுக்காரியை மட்டும், நான் கடையில் இருக்கிற நேரமாப் பார்த்து வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைச்சு அழைச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தபாலில், கடை விலாசத்துக்கு. கூடப் பிறந்த தம்பி மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தபால். விலாசம் எதில் எழுதியிருந்தது? பால்பாயின்ட் பேனாவில். சிவப்பு மை. எனக்கு, சார்.

இருங்க, இங்கேதான் டிராயரில் இருக்கு. இந்தாங்க. உள்ளே முதல் பேரு யாருதுன்னு பாருங்க. 'தருமலிங்கம்.' பெரிய எழுத்தில். அச்சாகிப் போனதை அவங்களால் என்ன பண்ண முடியும்? பேரு அங்கே போட்டிருக்கு, தாரை வார்க்கிறது பூங்கோதையோட அண்ணன். மண்டபத்தில் இந்நேரம் பத்திரிகையைக் கையில் வைச்சுக்கிட்டு நாலு பேர் கேட்பாங்க, இந்தத் தருமலிங்கம் எங்கேன்னு. கேட்கட்டும். என்ன பதில் சொல்றாங்கன்னு என் வீட்டுக்காரி வந்து சொல்லுவாள்.

மேலே பாருங்க. நம்ம பேரை எழுதுறதுக்கு ஒரு கோடு விட்டிருப்பாங்களே, திரு, திருமதின்னு போட்டு. அது காலியா இருக்கா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேரைக்கூட எழுதாம அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு விரல் தடவினப்ப ஏதோ தட்டுப்பட்டது. ஜன்னலுக்கு நேரா சாய்ச்சுப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். தெரியுதா? நான் கழுவிக் குடுத்த பேனா சார் அது. மை ஊத்தாம, வெறும் நிப்பால் அழுத்தி எழுதியிருக்கு. 'வராதீங்க பெரியப்பா.'

அது கிடக்கட்டும். சின்னப் பொண்ணு, கோபத்தில் எழுதியிருக்கு. எழுத்தைப் பார்க்காதீங்க. இந்த லென்ஸைக் கண்ணில் மாட்டிக்குங்க, புருவத்தைக் கொஞ்சம் இறக்குங்க, விழாது. இப்ப கோட்டைப் பாருங்க. மை இல்லாம அழுத்தினா நிப்போட ரெண்டு காலும் தனித்தனியா தாளில் விழும், தண்டவாளம் மாதிரி. ரெண்டு கோடு தெரியுதா? முன்னே இருந்த நிப்பா இருந்தா ஒண்ணு ஆழமா, ஒண்ணு பட்டும் படாமலும் விழுந்திருக்கும். இங்கே பாருங்க. 'வ' சுழிக்குதே, அங்கே பிரியலை. 'ரா' இறங்குற இடத்தில் பாருங்க. 'தீ'க்கு மேலே கொக்கி வளைக்கிற இடத்தில்தான் எந்த நிப்பும் காட்டிக்குடுத்துடும், அங்கேயும் ரெண்டும் ஒரே ஆழம். மயிரளவு வித்தியாசம் சொல்லுங்க பார்ப்போம்.

எங்க அப்பா இருந்திருந்தா அவர் கண்ணில் இந்த லென்ஸை மாட்டி இதைக் காட்டியிருப்பேன் சார்.

உங்க பேனா ஊறிடுச்சு. என்ன, பார்த்தது போதுமா? இன்னும் ஒரு தடவை பாருங்க. அவசரம் இல்லை, பத்தரைதானே ஆகுது.